சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நினைவுக்கல் வைத்தால் முதல் வரி எதற்கு: யுத்தத்துக்கா, ரேஸுக்கா?

கியர்பாக்ஸ்:
ரேஸுக்குத்தான். வேற பேச்சே இல்ல. யுத்த காலத்துல சோழவரத்துல என்ன பெருசா நடந்துச்சு? அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கார், பைக் ஓட்டினவங்க.

பழைய_ஓடுதளம்:
என்ன நடந்துச்சா? அந்த ஓடுதளத்தைப் போட்டது யாரு, அதைச் சொல்லுங்க முதல்ல. இரண்டாம் உலகப் போர்ல விமானம் இறங்கப் போட்ட தளம் அது. 1942 ஏப்ரல் 5 கொழும்புல ஜப்பான்காரன் குண்டு, 6 விசாகப்பட்டினம், காக்கிநாடா, 9 திருகோணமலை. அடுத்தது நாமதான்னு மெட்ராஸே மூட்டை கட்டுச்சு. அரசு அலுவலகங்கள் வெளியூர் போச்சு. மிருகக்காட்சி சாலையில சிங்கம், புலியைச் சுட்டுக் கொன்னாங்க. அந்த பயத்தைப் பார்த்த தலைமுறைக்கு ஒரு வரி கிடையாதா?

கியர்பாக்ஸ்:
கொழும்பு இருக்கு, விசாகப்பட்டினம் இருக்கு. உங்க பட்டியல்ல சோழவரம் எங்க சார்? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல தொடங்கினது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் தடம் வர்ற வரைக்கும் நாட்டுக்கே ரேஸ்னா சோழவரம். ரேஸ் வீரர் கரிவரதன் ஓட்டின இடம் சார் அது!

பழைய_ஓடுதளம்:
கரிவரதன் ஓட்டினார், சரி. எது மேல ஓட்டினார்? போட்டது யாரு? ரெண்டாவது தடவையா கேட்கிறேன். குண்டு விழுந்தாத்தான் கல்வெட்டுங்கறது என்ன நியாயம்? ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல அரை மணி நேரம்கூட சுடல, அதுக்கு உயர் நீதிமன்ற மதில்ல கல் இருக்கு. வருஷக்கணக்கா காத்துக் கிடந்த தளத்துக்கு ஒண்ணும் இல்ல.

தாமிரபரணி:
கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை எல்லாம் அதே யுத்தத்துத் தளம்தான். அதுக்கு யாராவது வாய் திறந்தீங்களா? சென்னைக்காரங்களுக்கு தெற்கே போற ஜி.எஸ்.டி. ரோடு தாம்பரத்தோட முடிஞ்சிருது.

பழைய_ஓடுதளம்:
கயத்தாறுக்கு நீங்க தனியா ஆரம்பிங்க, முதல் ஆளா நான் வர்றேன். இங்க பேச்சை மாத்தாதீங்க. தாம்பரம் விமானப்படைத் தளம் பத்திப் பேசினப்பவும் இதையேதான் செஞ்சீங்க.

தாமிரபரணி:
அன்னைக்கு பதில் சொல்ல முடியாம எழுந்து போனது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

செங்குன்றத்தான்:
ரன்வே வர்றதுக்கு முன்னாடி அது யார் மண்ணுன்னு ஒருத்தரும் கேட்கல. பட்டாளம் வந்துச்சு, அப்புறம் ரேஸ்காரங்க வந்தாங்க. ரேஸ் அன்னைக்கு ஊர் வழியா வடக்கே போற ஜி.என்.டி. ரோட்ல பஸ் இல்லாம நின்னது எங்க சனம்.

கியர்பாக்ஸ்:
அந்தக் கூட்டத்துல கடை போட்டு சம்பாதிச்சதும் உங்க சனம்தானே அண்ணே?

செங்குன்றத்தான்:
டீக்கடை வெச்சவனை சம்பாதிச்சான்னு சொல்றியா தம்பி? ஊருக்கு வந்து சொல்லு.

பழைய_ஓடுதளம்:
டீக்கடையை விடுங்க. கியர்பாக்ஸ் இன்னும் பதில் சொல்லல. ஓடுதளத்தைப் போட்டது யாரு?

கியர்பாக்ஸ்:
போட்டவங்க யுத்தம் முடிஞ்சதும் போயிட்டாங்க சார். முள்ளு மண்டாம காப்பாத்தினது நாங்க. முதல் வரி எங்களுக்குத்தான்.

செங்குன்றத்தான்:
தம்பி, டீக்கடைக்கு இன்னும் பதில் வரல.