அப்பாவுக்கு மைலோமா, என்ன உடற்பயிற்சி செய்யவைக்கலாம்?

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, மல்டிபிள் மைலோமா (எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்). போர்ட்டிசோமிப் ஊசி, லெனலிடோமைடு, டெக்ஸாமெத்தசோன் என்று ஐந்து மாதமாகச் சிகிச்சை போகிறது. ரத்த அறிக்கை பரவாயில்லை, ஆள்தான் கட்டிலைவிட்டு எழுவதில்லை. விடியற்காலையில் கண்மாய்க்கரை வரை நடந்துபோய் டீ குடித்துவிட்டு வருகிற மனுஷன், இப்போது பாத்ரூம் போய்வந்தாலே மூச்சு வாங்குகிறது என்கிறார். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிப் போகிறார்கள், அவரும் அதையே பிடித்துக்கொண்டார்.

புற்றுநோயாளிகள் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் நடந்தால் சோர்வு குறையும் என்று 2019-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி வெளியிட்ட பரிந்துரையில் இருக்கிறது. சரி, நடக்கவைக்கலாம் என்றால், அவருக்கு முதுகெலும்பில் ஒன்று ஏற்கெனவே அமுங்கியிருக்கிறது, ஊசியால் உள்ளங்கால் வேறு மரத்துப்போய்ச் செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. டாக்டர் "நடக்கலாம், குனியக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது" என்றார், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு யோகா மாஸ்டர் சூரிய நமஸ்காரம் சொல்லித்தருகிறேன் என்றார், முதுகை நினைத்து வேண்டாம் என்றுவிட்டேன்.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, அது தொடைத் தசையை இளைக்கவைக்கும் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை மட்டும் ஐந்து ஐந்து தடவையாகத் தொடங்கியிருக்கிறோம். உங்கள் வீட்டில் மைலோமா உள்ளவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்? ஹீமோகுளோபின், பிளேட்லெட் எவ்வளவுக்குக் கீழே போனால் உடற்பயிற்சியை நிறுத்தச் சொன்னார்கள்? அப்புறம், மதுரைப் பக்கம் புற்றுநோயாளிகளைப் பார்த்துப் பழகிய பிசியோதெரபிஸ்ட் யாராவது இருந்தால் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்தால் இன்னும் நல்லது.