மாலுமியாகச் சேர்ந்து அதிகாரியானவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பி தென்னாப்பிரிக்கக் கடற்படையில், சைமன்ஸ் டவுனில் இருக்கிறான். சல்டானாவில் அடிப்படைப் பயிற்சி முடித்து 10 வருஷம் ஆகிறது. இப்போது பெட்டி ஆபீசர் (அதிகாரிகளுக்குக் கீழே உள்ள மூத்த மாலுமிப் பதவி), வயது 30. அதிகாரிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். மாதக் கடைசிக்குள் முடிவெடுக்க வேண்டும்.

போனால் கார்டன்ஸ் பே கடற்படைக் கல்லூரியில் 19, 20 வயதுப் பிள்ளைகளோடு மிட்ஷிப்மேனாக, அதாவது பயிற்சி அதிகாரியாக உட்கார வேண்டும். அப்புறம் என்சைன், சப் லெப்டினன்ட், லெப்டினன்ட் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். போன வாரம் வீட்டுக்கு வந்தவன், சீருடைச் சட்டையை இஸ்திரி போடும்போது அதன் கையில் தைத்திருந்த பதவிச் சின்னத்தைத் தடவிக்கொண்டே, "இதைக் கழற்றணுமா அக்கா?" என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

டர்பன் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்காக இருந்த ஜல்சேனா கடற்படைப் பயிற்சித் தளத்தில் அப்பாவோடு பயிற்சி பெற்ற இரண்டு பெரியவர்களிடம் கேட்டோம். ஒருவர் உடனே போகச் சொன்னார், இன்னொருவர் இருக்கிற மரியாதை போய்விடும் என்றார். பழைய பிரிட்டிஷ் கடற்படை வரலாற்றையும் படித்துப் பார்த்தேன். அங்கே 1912இல் மாலுமிகள் அதிகாரியாவதற்கு 'மேட்' என்ற பதவி வழியாக ஒரு வழி திறந்தார்கள். ஆனால் 13 வயதில் கேடட்டாக (அதிகாரிப் பயிற்சி மாணவராக) நுழைந்தவர்களைவிட இவர்கள் வயதில் மூத்தவர்கள், அதனால் கமாண்டர் பதவிக்கு எட்டுவதே கடினமாக இருந்திருக்கிறது. என் பயமும் அதுதான்.

இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்: லெப்டினன்ட்டுக்கு அடுத்த லெப்டினன்ட் கமாண்டர் பதவி உயர்வின்போது, மாலுமியாக இருந்த வருஷங்களை உங்களுக்குக் கணக்கில் எடுத்தார்களா?