4 டிபி டிஸ்க்கில் 2 டிபிக்கு மேல் எடுக்கவில்லை: ஜிபிடிக்கு மாற்றினால் கல்யாண வீடியோக்கள் போய்விடுமா?

அம்மாப்பேட்டை ஸ்டூடியோ:
வணக்கம். சேலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாண வீடியோக்களுக்காக 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, கடையிலேயே சிபியுவில் மாட்டிக்கொண்டு வந்தேன். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 2048 ஜிபி ஒரு கட்டமாகவும், மீதி 1678 ஜிபி 'அன்அலகேட்டட்' என்று கறுப்புப் பட்டையோடும் தெரிகிறது. கறுப்புப் பகுதியில் ரைட் கிளிக் செய்தால் எல்லாமே மங்கலாக இருக்கிறது, எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. கடையில் கேட்டால் "மதர்போர்டு பழசுங்க, மாத்தணும்" என்கிறார்கள். இன்டெல் நான்காம் தலைமுறை, விண்டோஸ் 10 64 பிட், பயாஸ் லெகசியில் (பழைய பூட் முறையில்) இருக்கிறது. முகூர்த்த சீசன் வீடியோக்கள் ஏற்கெனவே 1.3 டிபி ஏறிவிட்டன. பாதிக்குத்தான் வேறு பிரதி இருக்கிறது. போய்விட்டால் அந்தக் குடும்பங்களுக்கு என்ன பதில் சொல்வது?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
அண்ணா, மதர்போர்டை மாற்றவே வேண்டாம். டிஸ்க்கை எம்பிஆர் முறையில் தயார் செய்து கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எம்பிஆர் 1983ல் பிசி டாஸ் 2.0 உடன் வந்த முறை. ஒவ்வொரு பார்ட்டிஷனும் (டிஸ்க்கில் பிரித்த பகுதியும்) எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை 32 பிட் எண்ணில் எழுதிவைக்கும். 512 பைட் செக்டர் கணக்கில் அந்த எண் 2 டிபியோடு தீர்ந்துபோகும். அதைத் தாண்டிய இடத்தைக் குறிக்க அதனிடம் எண்ணே கிடையாது. ஜிபிடி என்பது அதற்குப் பிறகு வந்த முறை, அதற்கு மாற்றினால் முழு இடமும் கிடைக்கும்.

லெகசி பயாஸ் என்றால் ஜிபிடி ஆகாது என்பது விண்டோஸ் பூட் ஆகிற டிஸ்க்குக்கு மட்டும்தான். டேட்டா மட்டும் வைக்கும் டிஸ்க் ஜிபிடியில் இருந்தால் உங்கள் விண்டோஸ் தாராளமாகப் படிக்கும், எழுதும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் பலரைத் தேவையில்லாமல் செலவு செய்ய வைக்கிறார்கள்.

ஆனால் டேட்டா டிஸ்க்கை அழிக்காமல் மாற்ற விண்டோஸில் வழி இல்லை. ஜிடிஸ்க் மாதிரி கருவிகள் அழிக்காமலே மாற்றும். இருந்தாலும் பிரதி இல்லாத வீடியோ மேல் அதை ஓட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். யாரிடமாவது 2 டிபி வெளி டிஸ்க் வாங்கி முழுவதையும் காப்பி எடுங்கள். அளவு சரியாக வந்தால் மட்டும் போதாது. சில வீடியோக்களைத் திறந்து நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் அந்த வால்யூமை டெலீட் செய்து, இடப்பக்கம் 'டிஸ்க் 1' என்றிருக்கும் பெட்டியில் ரைட் கிளிக் செய்தால் 'கன்வெர்ட் டு ஜிபிடி டிஸ்க்' இருக்கும்.

டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கருவியில், டிஸ்க்கைத் துடைக்கும் 'கிளீன்' கட்டளையைக் கொடுக்கச் சொல்லி யாராவது சொன்னால் வேண்டாம். அது "நிச்சயமாகவா?" என்று ஒருமுறைகூடக் கேட்காது. டிஸ்க் எண் மாறினால் வேறு டேட்டா டிஸ்க்கைத் துடைத்துவிடும்.

ஏற்காடு காபித் தோட்டம்:
கரண்ட் விஷயத்தையும் கவனியுங்கள். மலையில் மழை பிடித்தால் எங்களுக்கு மின்சாரம் போய்ப் போய் வரும். மாற்றும் நேரத்தில் யுபிஎஸ் கட்டாயம் இருக்கட்டும். மாற்றிய பிறகு ஜிபிடி கொஞ்சம் தைரியம் தரும், ஏனென்றால் பார்ட்டிஷன் அட்டவணையின் நகல் ஒன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைத்திருக்கும்.

எனக்கும் ஒரு சந்தேகம். என்னுடையது எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 போட வேண்டும். அதற்கு ஜிபிடி வேண்டும், ஆனால் விண்டோஸ் இருக்கும் டிஸ்க் எம்பிஆர். ஃபார்மேட் செய்துதான் ஆக வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
வேண்டாம் சார். விண்டோஸ் 10ன் 1703 பதிப்பிலிருந்து 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கருவி கூடவே வருகிறது. விண்டோஸ் டிஸ்க்கை அழிக்காமல் மாற்றும். முதலில் 'வேலிடேட்' மட்டும் கொடுங்கள், அது சோதிக்கும், எதையும் தொடாது. பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, டி, இ டிரைவ்கள் எல்லாம் எக்ஸ்டெண்டட் என்ற பார்ட்டிஷனுக்குள் லாஜிக்கலாக (உட்பிரிவாக) இருந்தாலோ முடியாது என்று சொல்லிவிடும். நம் பக்கத்துப் பழைய சிபியுக்களில் பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருந்தால் நிறுத்திவைத்துவிட்டு, முக்கியமான ஃபைல்களுக்குப் பிரதியும் எடுத்துவிட்டு மாற்றுங்கள். மாற்றியதும் பயாஸில் லெகசியை யூஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் பூட் ஆகாது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், பல போர்டுகளில் அணைத்தே வைத்திருப்பார்கள், பாருங்கள்.

அம்மாப்பேட்டை ஸ்டூடியோ:
மச்சானிடம் டிஸ்க் வாங்கிக் காப்பி எடுத்து, நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். இப்போது 3726 ஜிபியும் ஒரே கட்டமாக வந்துவிட்டது. ரொம்ப நன்றி தம்பி. வீடியோக்களைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கிறேன். விண்டோஸ் டிஸ்க்கையும் மாற்றிவிடவா?

செவ்வாய்ப்பேட்டை சர்வீஸ்:
அதைத் தொடாதீர்கள் அண்ணா. நான்காம் தலைமுறை விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலேயே இல்லை, மாற்றி உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. கல்யாண வீட்டுக்குக் கொடுக்கும் பென் டிரைவ்களும் எம்பிஆரிலேயே இருக்கட்டும், பழைய டிவிகள் சில ஜிபிடியைப் படிப்பதில்லை. எல்லாம் ஏறி முடிந்து, திறந்து பார்த்த பிறகு மச்சான் டிஸ்க்கைக் காலி செய்யுங்கள்.