என் கேமில் ஊர்க்காரர்கள் சாவி கொடுத்த பொம்மை மாதிரி நடக்கிறார்கள், என்ன செய்வது?

பிக்சல்பித்தன்:
கோடோட் என்ற கேம் எஞ்சினில் ஒரு சின்ன ஓப்பன் வேர்ல்ட் கேம் (பிளேயர் இஷ்டப்படி சுற்றலாம்) செய்கிறேன். ஊரில் 60 என்பிசி (பிளேயர் இயக்காத, கணினியே நடத்தும் பாத்திரங்கள்). ஒவ்வொருவருக்கும் 24 மணி நேர ஷெட்யூல் எழுதினேன், இரண்டு மாத வேலை. ஆனாலும் உயிரே இல்லை. மணி 8 ஆனதும் அத்தனை பேரும் ஒரே நொடியில் திரும்புகிறார்கள். பட்டறை வாசலில் ஆறு பேர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பழம் விற்பவர் முன்னால் வாளை உருவினால், "இன்று நல்ல வெயில்" என்கிறார்!

அரைத்தூக்கம்:
முதலில் அந்த 8 மணியை உடையுங்கள். ஆளுக்கு ஆள் 20 நிமிடம் முன்பின் இருக்கட்டும். அதைத் தினமும் புதிதாகக் குலுக்கிப் போடாதீர்கள், ஒரு முறை போட்டுச் சேமித்துவிடுங்கள். எப்போதும் தாமதமாக வருபவன் என்று ஒருவன் தானாக உருவாவான். நடை வேகத்தை மாற்றினால் அனிமேஷன் வேகத்தையும் அதே விகிதத்தில் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கால் வழுக்கும்.

கணுக்கால்:
ஷெட்யூல் 1988-லேயே அல்டிமா 5 கேமில் வந்துவிட்டது. இங்கே அது போதவில்லை. வாசல் நெரிசலுக்கு 2000-இல் வந்த தி சிம்ஸ் கேமின் வழியைப் பாருங்கள். அறிவு ஆளிடம் இல்லை, பொருளிடம் இருக்கிறது. "இங்கே உட்காரலாம்" என்று பெஞ்சே அறிவிக்கும். அதோடு இரண்டே இடம் என்று ஒரு கணக்கும் வைத்துவிடுங்கள். நிறைந்துவிட்டால் மூன்றாமவர் வேறு பொருளைத் தேடிப் போவார். கதவுக்கும் இதே கணக்குதான்.

வசனத்துக்கு இன்னொன்று: ஒரு வரி சொல்லப்பட்டால், கொஞ்ச நேரத்துக்கு ஊரில் யாருமே அதைச் சொல்லக் கூடாது. ஆளுக்குத் தனித்தனியாகக் கூல்டவுன் (மறுபடி சொல்லும் முன் காத்திருக்கும் நேரம்) வைத்தால் பயனில்லை. ஸ்கைரிம் கேமில் காவலர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன, முழங்காலில் அம்பு பட்ட கதை வசனம் எப்படிக் கேலிப்பொருளானது என்று தெரியும்தானே?

அரைத்தூக்கம்:
வாள் விஷயம்தான் முக்கியம். இரண்டு மாதத்தை நான் அதில் போட்டிருப்பேன் (வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறேன், மன்னிக்கவும்). பழக்காரர் நள்ளிரவில் எங்கே தூங்குகிறார் என்று எந்த பிளேயரும் பின்தொடர்ந்து பார்க்கப் போவதில்லை. தன்னைக் கவனிக்கிறாரா என்றுதான் பார்ப்பான். தூரத்தில் இருப்பவர்களை நடக்கவே விடாதீர்கள். கேமரா படாத இடத்தில், அந்த நேரத்துக்கு எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைத்துவிட்டால் போதும்.

பிக்சல்பித்தன்:
வயிறு எரிந்தது, சரி. ஆனால் வேலை செய்கிறது. வாளை உருவினால் பழக்காரர் ஓரடி பின்வாங்குகிறார். முதலில், உறையில் போட்டதும் மறுபடி வெயிலைப் பற்றிப் பேசினார். அப்புறம் ஐந்து நிமிடம் 'எச்சரிக்கை' நிலையிலேயே வைத்தேன். இப்போது நான் திரும்பி வந்தால், பழத்தை அடுக்கும் கை அப்படியே நின்றுவிடுகிறது. எனக்கே சங்கடமாக இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். பெஞ்ச் ஸ்கிரிப்ட் நாய்க்கும் போய்விட்டது. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

கணுக்கால்:
அதைத் திருத்தாதீர்கள்.