குஸ்கோ முதல் மச்சு பிச்சு வரை: குழுவாகப் போய்வந்தவர்கள் சொல்கிறார்கள்

சென்னையிலிருந்து

பெருவுக்குக் குழுப் பயணமாகப் போவதா, நாமே டிக்கெட் போட்டுப் போவதா என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. கடைசியில் குழுவோடுதான் போனோம். இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: கம்பெனி பெயரைப் பார்க்காதீர்கள், அவர்கள் தரும் நாள்வாரித் திட்டத்தைப் பாருங்கள். முதல் இரண்டு இரவு எந்த உயரத்தில் படுக்கவைக்கிறார்கள் என்று அதில் தேடுங்கள்.

பெருவின் தலைநகர் லிமா கடலோர ஊர். ஸ்பானியர்கள் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் தலைநகரான குஸ்கோ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டி 2,240 மீட்டர்தான். விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் லிமாவிலிருந்து குஸ்கோவில் இறக்கிவிடும். மேலே காற்று மெலிது, ஆனால் நாம் அங்கே வந்து சேர்ந்த செய்தி உடம்புக்கு மறுநாள்தான் எட்டும். பல திட்டங்களில் காலையில் விமானம், மதியம் ஊர்சுற்றல், மாலையில் ஊருக்கு மேலே சக்சாய்வாமான் கோட்டை என்று ஒரே நாளில் அடைத்திருப்பார்கள். கோட்டை இன்னும் 200 மீட்டருக்கு மேல் உயரம்.

எங்கள் வழிகாட்டி கெச்சுவா பேசும் குடும்பத்தில் பிறந்த ஒரு பெண். விமான நிலையத்திலிருந்து குஸ்கோவுக்குள்ளேயே விடவில்லை, நேராக வண்டியில் ஏற்றிப் புனிதப் பள்ளத்தாக்குக்கு இறக்கிக்கொண்டு போய்விட்டாள். அங்குள்ள உருபம்பா ஆற்றங்கரை ஊர்கள் 2,800, 2,900 மீட்டர் அளவில் இருக்கின்றன. குழுவில் இரண்டு பேர் "புக்கிங்கில் குஸ்கோ என்று போட்டிருக்கிறதே" என்று முணுமுணுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "குஸ்கோ எங்கேயும் ஓடிவிடாது, கடைசியில் பார்க்கலாம்" என்றாள். மலைமேல் இன்காக்கள் கட்டிய கல்நகரமான மச்சு பிச்சு 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிட ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் தாழ்வு. ஆகவே பள்ளத்தாக்கு, மச்சு பிச்சு, பிறகு குஸ்கோ என்ற வரிசைதான் உடம்புக்கு ஏற்றது. குஸ்கோவுக்கு நாங்கள் வந்தபோது ஓட்டல் வரவேற்பறையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு வேறொரு குழுவினர் உட்கார்ந்திருந்தார்கள்.

பள்ளத்தாக்கில் எனக்கு ஓயன்டாய்டாம்போ என்ற ஊர் மச்சு பிச்சுவைவிடப் பிடித்தது. மச்சு பிச்சுவில் ஆள் கிடையாது, இங்கே ஊர் வாழ்கிறது. இன்காக்கள் போட்ட தெருக்கள், பக்கத்தில் கல் வாய்க்காலில் இன்றைக்கும் ஓடும் தண்ணீர், அவர்கள் கட்டிய சுவர்மேல் செங்கல் மாடி எழுப்பிக் குடியிருக்கிறார்கள். ஒரு வாசலில் பாட்டி ஒருத்தி மக்காச்சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். மேலே கோயில் பகுதியில் ஆறு பெரிய இளஞ்சிவப்புக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை வெட்டியெடுத்த கச்சிகாட்டா குவாரி எதிர்மலையில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. மலையிலிருந்து இறக்கி, ஆற்றைக் கடத்தி, சரிவுப்பாதை போட்டு மறுபடி மேலேற்றியிருக்கிறார்கள். சக்கர வண்டியும் கிடையாது, எருதும் கிடையாது. வழியில் கைவிடப்பட்ட கற்கள் இன்னும் வயலோரத்தில் கிடக்கின்றன. "களைத்துப்போன கற்கள்" என்று ஊர்க்காரர்கள் அவற்றைச் சொல்கிறார்கள். கோயில் கட்டி முடிக்கப்படவேயில்லை.

1537இல் படையெடுத்து வந்த ஸ்பானியர்களை இன்கா மன்னர் மாங்கோ இன்கா தோற்கடித்துத் திருப்பி அனுப்பியதும் இங்கேதான். வாய்க்கால்களைத் திறந்துவிட்டுக் கீழே சமவெளியைச் சேறாக்க, குதிரைகள் மாட்டிக்கொண்டன. வழிகாட்டி இதைச் சொல்லும்போது குரலே மாறிவிட்டது, நேற்று நடந்த சண்டை போல.

டொராண்டோவிலிருந்து

அண்ணா சொன்ன வரிசை மெத்தச் சரி. நாங்கள் போனது ஜூன் மாதம். பகலில் நல்ல வெயில், இரவில் சரியான குளிர். மே முதல் செப்டம்பர் வரை மழை இல்லாத காலம் என்பதால் கூட்டமும் அப்போதுதான். 24ஆம் திகதி குஸ்கோவில் இந்தி ராய்மி, சூரியனுக்கு எடுக்கிற விழா. ஸ்பானியர் காலத்தில் தடை செய்த விழாவை 1944இல் மீண்டும் தொடங்கியிருக்கிறார்கள். பழைய குறிப்புகளை வைத்து நாடகமாக நடிக்கிறது என்றாலும், கெச்சுவாவிலேயே பேசி நடிக்கிறார்கள்.

எனக்கு அதைவிட மனதில் நிற்கிறது கோர்பஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்கத் திருநாள் ஊர்வலம். பங்குக் கோயில்களில் இருந்து பதினைந்து புனிதர்களின் சொரூபங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு நடுச் சதுக்கத்தில் உள்ள பேராலயத்துக்கு வருவார்கள். எங்கட வழிகாட்டி சொன்னார், இதே சதுக்கத்தில்தான் முன்னர் இறந்துபோன இன்கா மன்னர்களின் பதனிட்ட உடல்களை அலங்கரித்து ஊர்வலமாகக் கொண்டுவருவார்களாம். சுவாமி மாறிவிட்டார், தோளும் பாதையும் மாறவில்லை. நல்லூரில் தேர் பார்த்து வளர்ந்த எனக்கு அதை விளங்கப்படுத்த ஒருவரும் தேவைப்படவில்லை.

பேராலயத்துக்குள் மார்கோஸ் சப்பாத்தா வரைந்த இராப்போசன ஓவியம் இருக்கிறது. இயேசுவுக்கு முன்னால் தட்டில் கிடப்பது கினிப்பன்றி (பன்றி இல்லை, எலி இனத்துச் சின்னப் பிராணி) என்று காட்டுவார்கள். அந்த மலைநாட்டில் விருந்து என்றால் அதுதான். படம் எடுக்க விடமாட்டார்கள், அவசரப்படாமல் நின்று பாருங்கள். கோரிகாஞ்சாவையும் விடாதீர்கள். அந்த இன்கா சூரியக் கோயிலின் சுவர்மேல் ஸ்பானியர் சாந்தோ தொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1950 நிலநடுக்கத்தில் மடம் நன்றாகச் சேதப்பட்டது, சாந்தே இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய இன்கா சுவர் நின்றுவிட்டது.

சின்செரோ என்ற ஊரில் நெசவு காட்ட எல்லாக் குழுவையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆட்டுமயிரை ஒரு கிழங்கு துருவிய நுரையில் கழுவுவது, தறியின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு நெய்வது எல்லாம் வடிவு. ஒரு பெண் சப்பாத்திக் கள்ளியில் வளர்கிற பூச்சியை உள்ளங்கையில் வைத்து நசுக்கினார், இரத்தம் மாதிரிச் சிவப்பு. அதிலே எலுமிச்சம்புளி விட்டதும் செம்மஞ்சளாகிவிட்டது. (இந்தப் பூச்சிச் சாயத்துக்காகத்தான் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் சென்னையில் கள்ளித் தோட்டம் போட்டுப் பார்த்தவை.) ஆனால் அது முடிந்தவுடன் கடைக்குள் விட்டு முக்கால் மணித்தியாலம் நிற்பாட்டினார்கள். அதே பயணத்தில் பிசாக் படிக்கட்டு வயல்களுக்குக் கிடைத்தது அதிலும் குறைவு. விலை கேட்டுக் கதைத்தால் நெய்தவரிடமே வாங்குங்கள், கடை முதலாளியிடம் இல்லை.

கோவையிலிருந்து

நான் சாப்பாட்டைப் பத்தி மட்டும் சொல்றேங்க. நாங்க சைவம். "காய்கறி சூப்" என்று சொன்னாலும் கோழி வேகவைத்த தண்ணியில் செய்திருப்பாங்க, அது அவங்களுக்கு இறைச்சிக் கணக்கில் வராது. வழிகாட்டிகிட்ட "கோழித் தண்ணியும் கூடாது" என்று தெளிவாகச் சொல்லி எழுதி வாங்கிட்டேன். கினுவா தானிய சூப், அவகாடோ, பெரிய பெரிய மணியுள்ள வெள்ளைச் சோளம், கூடவே பாலாடைக்கட்டி, இவை எங்கும் கிடைக்குது. சீனர்கள் நடத்தும் சிஃபா கடைகளில் முட்டை போடாத வறுத்த சோறு கேட்டா செஞ்சு தர்றாங்க.

உருளைக்கிழங்குக்கு அதுதான் தாய்வீடு. ஊதா, கறுப்பு, விரல் மாதிரி நீளம் என்று சந்தையில் குவிச்சு வெச்சிருக்காங்க. சூன்யோ என்று ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. உறைபனி ராத்திரியில் கிழங்கை வெளியே பரப்பி, பகலில் காலால் மிதிச்சுத் தண்ணியை வெளியேத்தி, வெயிலில் காயவைப்பாங்க. வருஷக்கணக்கில் கெடாது. இன்கா களஞ்சியங்களில் இதையும் சேமிச்சு வெச்சுப் படைக்குக் கொடுத்திருக்காங்க. சுவை? உண்மையைச் சொல்லணும்னா எனக்குப் பிடிக்கல.

மிளகாய்ப்பொடி எடுத்துட்டுப் போன எங்க மாமனார், ரொகோத்தோ மிளகாயை ஒரு கடி கடிச்சதும் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. மிளகாயே அந்தக் கண்டத்திலிருந்து நமக்கு வந்ததுதானே.

அறையில் குட்டிக் குக்கரில் சோறு வெக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு: குஸ்கோ உயரத்தில் தண்ணி 90 டிகிரிக்குள்ளேயே கொதிச்சிரும். அரிசி வேக நேரமாகும், விசில் வர்ற பிரஷர் குக்கர் இல்லேன்னா பருப்பு வேகவே வேகாது. அவல் எடுத்துட்டுப் போங்க.

ஒரு சந்தேகம். அடுத்த வருஷம் எங்க அம்மாவும் வர்றேங்கறாங்க, முழங்கால் வலி உண்டு. மச்சு பிச்சுவில் அவங்களால் முடியுமா?

நியூ ஜெர்சியிலிருந்து

நான் மருத்துவத் துறையில் இருப்பவள், அதனால் சுருக்கமாக. மேலே போனதும் லேசான தலைவலி, தூக்கமின்மை பலருக்கும் வரும், ஓரிரு நாளில் போய்விடும். தலைவலியோடு தடுமாற்றம், குழப்பம், அல்லது உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல் வந்தால் காத்திருக்கக் கூடாது, உடனே கீழே இறங்க வேண்டும். இந்த உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை புறப்படும் முன்பே தொடங்க வேண்டியது. சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். முதல் இரண்டு நாள் மது வேண்டாம். வானவில் மலை 5,000 மீட்டருக்கு மேல். குஸ்கோ வந்த மறுநாளே அதைப் போடுகிற திட்டத்தை நான் ஏற்கவே மாட்டேன்.

வழிகாட்டிகளைப் பற்றி இங்கே எல்லோரும் புகழ்கிறீர்கள். எங்களுக்கு வாய்த்தவர் கதைசொல்லி. குஸ்கோவின் ஹாதுன்ரூமியோக் தெருவிலுள்ள பன்னிரண்டு கோணக் கல் பன்னிரண்டு மாதங்களைக் குறிக்கிறது என்றார். அதே சுவரில் வேறு பல கற்களுக்கும் பல கோணங்கள் உண்டு, பக்கத்துக் கல்லோடு பொருந்த வெட்டியபோது அமைந்தவை. (2025 பிப்ரவரியில் ஒருவன் சுத்தியலால் அந்தக் கல்லையே அடித்துச் சேதப்படுத்தினான், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது.) மோராய் என்ற இடத்திலுள்ள வட்டப் படிக்கட்டு வயல்களை "இன்காக்களின் விவசாய ஆராய்ச்சிக்கூடம்" என்று அடித்துச் சொன்னார். அது ஒரு கருத்து, நிரூபணமான செய்தி அல்ல. மச்சு பிச்சுவை "தொலைந்துபோன நகரம்" என்றார். 1911 ஜூலையில் அமெரிக்க ஆய்வாளர் ஹிராம் பிங்கம் அங்கே ஏறியபோது அந்தப் படிக்கட்டு வயல்களில் விவசாயக் குடும்பங்கள் பயிர் செய்துகொண்டிருந்தன. அவரை மேலே கூட்டிப் போனதும் ஒரு சிறுவன்தான். யாருக்குத் தொலைந்துபோனது? அவர் எடுத்துப்போன பொருட்களை யேல் பல்கலைக்கழகம் திருப்பித் தரத் தொடங்கவே 2011 வரை ஆனது என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

சிங்கப்பூரிலிருந்து

அக்கா கோபப்படுவது நியாயம். ஆனால் வழிகாட்டியைவிட எனக்கு ஞாபகத்தில் இருப்பவர்கள் சுமை தூக்கியவர்கள். நாங்கள் ரயிலில் போகவில்லை, மச்சு பிச்சுவுக்குப் போகும் பழைய இன்கா மலைப்பாதையில் நாலு நாள் நடந்தோம். ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் வழிகாட்டி, சமையல்காரர், சுமை தூக்குபவர்கள் எல்லோரும் அடக்கம் என்பதால் பயணிகளுக்கு 200 இடம்போலத்தான் மிஞ்சும். மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். பிப்ரவரி முழுக்கப் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள்.

ரயில் பாதையின் 82ஆம் கிலோமீட்டரில், நடை தொடங்கும் இடத்தில், சுமை தூக்குபவர்களின் மூட்டையை எடைபோடுகிறார்கள். 20 கிலோவுக்கு மேல் கூடாது என்பது சட்டம். எடைமேடையைத் தாண்டியதும் சில குழுக்களில் பைகள் கைமாறுவதையும் பார்த்தேன். இரண்டாம் நாள் 4,215 மீட்டரில் ஒரு கணவாய். நான் பத்து அடிக்கு ஒரு தடவை நின்றுகொண்டிருந்தேன். பின்னால் செருப்பு மாட்டிய கால்கள் ஓடிவரும் சத்தம். கூடாரம், அடுப்பு, கேஸ் எல்லாம் முதுகில். ஒதுங்கி வழிவிட்டால் மூச்சு வாங்காமல் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது கூடாரம் போட்டு, கைகழுவ வெந்நீர் வைத்திருந்தார்கள். கடைசி இரவு அறிமுகம் செய்துகொண்டபோதுதான் தெரிந்தது, பெரும்பாலோர் மலைக்கிராமத்து விவசாயிகள், விதைப்புக்கும் அறுவடைக்கும் நடுவில் இந்த வேலை. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: இவர்களுக்கு நாள்கூலி எவ்வளவு, படுக்கத் தனிக் கூடாரம் உண்டா, சாப்பாடு யார் செலவு? பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஆளைப் பாருங்கள். இனாமைத் தலைவர் கையில் மொத்தமாகக் கொடுக்காமல் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தோம்.

இன்னொன்று. கோக்கா இலை (கொக்கெயின் எடுப்பது இதிலிருந்துதான்) அங்கே சட்டப்படி விற்பது, மெல்லுவது, தேநீராகக் குடிப்பது, மலைக்குக் காணிக்கையாக வைப்பது எல்லாமே அன்றாடம். ஆனால் ஒரு தேநீர்ப் பைகூட ஊருக்குக் கொண்டுவராதீர்கள். சிங்கப்பூர், அமெரிக்கா, இந்தியா எங்குமே மாட்டிக்கொள்வீர்கள். வேலையிடத்தில் சிறுநீர்ப் பரிசோதனை இருப்பவர்கள் திரும்பும் முன் சில நாள் அந்தத் தேநீரையும் தவிர்ப்பது நல்லது, போதைப்பொருள் என்று காட்டும். முன்யா இலைத் தேநீர் புதினா மாதிரி இருக்கும், வயிற்றுக்கும் இதம்.

சென்னையிலிருந்து

கோவைச் சகோதரிக்கு. முடியும், ஆனால் சுற்று எண்ணைப் பார்த்து டிக்கெட் வாங்க வேண்டும். 2024இலிருந்து மச்சு பிச்சுவுக்குள் மூன்று சுற்றுகளாகப் பிரித்துவிட்டார்கள், ஒன்றுக்கு வாங்கிவிட்டு இன்னொன்றில் நடக்க முடியாது. முதல் சுற்று மேல்தளம், எல்லோரும் எடுக்கும் அந்தப் படம் அங்கேதான், ஆனால் நகருக்குள் விடமாட்டார்கள். இரண்டாவது இரண்டையும் சேர்த்தது, படிகள் அதிகம். மூன்றாவது கீழ்ப்பக்கமாகவே நகருக்குள் போவது, ஏற்றம் குறைவு. அம்மாவுக்கு மூன்றாவதைப் போடுங்கள். அதிலும் கைப்பிடி இல்லாத கல்படிகள் உண்டு, ஒருவர் கூடவே இருக்கட்டும். வயதானவர்களுக்கு ஊன்றுகோல் அனுமதி உண்டு, நுனியில் ரப்பர் மூடி கட்டாயம்.

ஓயன்டாய்டாம்போவிலிருந்து ரயில், மலையடி ஊரான அகுவாஸ் கலியெந்தெஸில் இறங்கினால் வாசல்வரை பேருந்து. உள்ளே கழிப்பறை இல்லை, வெளியே வந்தால் திரும்ப விடமாட்டார்கள், ஆகவே வாசலிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள். பாஸ்போர்ட் அசல் கையில் வேண்டும், டிக்கெட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவார்கள். பெரிய பெட்டியை ரயிலில் ஏற்ற மாட்டார்கள், ஒரு இரவுக்கான துணியை மட்டும் சின்னப் பையில் எடுத்துக்கொண்டு மீதியைப் பள்ளத்தாக்கு ஓட்டலிலேயே வைத்துவிடலாம், பெரும்பாலும் காசு வாங்குவதில்லை. அந்தப் பகுதியில் போராட்டம் வந்தால் முதலில் நிற்பது ரயில்தான். அதனால் மச்சு பிச்சு நாளுக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் நடுவில் குஸ்கோவில் இரண்டு நாளாவது இருக்கும்படி கேட்டு வாங்குங்கள்.