புதுப்பிப்பு: காருக்கு டின்ட் ஒட்டியாயிற்று

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி வீடுகள்) திறந்தவெளி கார்ப்பேட்டையில் நிற்கும் கார் அடுப்பாகக் கொதிக்கிறது, எந்த டின்ட் (கண்ணாடியில் ஒட்டும் வெயில் தடுப்புப் படலம்) நல்லது என்று போன மாதம் கேட்டிருந்தேன் அல்லவா? ஒட்டியாயிற்று.

கறுப்பாக இருந்தால்தான் குளிரும் என்று நினைத்திருந்தேன். தப்பு. வெயில் சூட்டில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதை வெளிர் நிற செராமிக் படலமும் தடுக்கும். எப்படியும் இங்கே சட்டப்படி முன்கண்ணாடியிலும் முன்கதவுக் கண்ணாடிகளிலும் 70 விழுக்காடு வெளிச்சமாவது உள்ளே வரவேண்டும், பின்னால் 25. உலோகம் கலந்த படலம் போன் சிக்னலைக் குழப்பலாம் என்பதால் அது வேண்டாமென்று விட்டேன்.

கடையில் சூட்டு விளக்குக்கு முன்னால் மாதிரிக் கண்ணாடியைப் பிடித்து, "கையை வச்சுப் பாருங்க அண்ணே" என்றார் கடைத் தம்பி. அசந்துபோனேன். ஆனால் அந்த விளக்கில் வருவது பெரும்பாலும் அகச்சிவப்புதான், வித்தியாசம் மிகையாகத்தான் தெரியும். அதனால் மொத்த சூரிய வெப்பத் தடுப்பு எவ்வளவு என்று கேளுங்கள்.

சரி, பலன்? மூன்று மணி வெயிலில் நின்ற காரில் ஏறினால் இன்னும் சூடுதான். ஆனால் ஓட்டும்போது வலது கை சுடுவதில்லை. ஏசியும் சீக்கிரம் பிடிக்கிறது. பின்கண்ணாடி ஓரத்தில் இருந்த நீர்க்குமிழிகள் இரண்டு வாரத்தில் காய்ந்துவிட்டன. அதற்குள் கடைக்கு மூன்று முறை போன் போட்டுவிட்டேன்.