லொரெட்டா லின்: முதல் பாட்டே 14-வது இடம் பிடிச்சது எப்படி?

கேள்வி:
அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகி லொரெட்டா லின்னோட முதல் பாட்டு 'ஐம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்', 1960-ல பில்போர்டு பத்திரிகையோட கன்ட்ரி பாட்டு வரிசையில 14-வது இடம். வெளியிட்டது ஜீரோ ரெக்கார்ட்ஸ்ங்கிற புத்தம்புது குட்டிக் கம்பெனி. புருஷனும் பொண்டாட்டியும் கார்ல ரேடியோ நிலையம் நிலையமா ஏறி இறங்கினாங்கன்னு சொல்லி எல்லாரும் முடிச்சிடறாங்க. அது மட்டும் போதுமா? டெக்காங்கிற பெரிய ரெக்கார்ட் கம்பெனி அவங்களை எப்படி எடுத்துக்கிச்சு?

பதில் 1:
போதாது. கார் கிளம்பறதுக்கு முன்னாடியே இசைத்தட்டு நல்லா அமைஞ்சிடுச்சு. 1953-ல கணவர் டூலிட்டில் 17 டாலருக்கு வாங்கித் தந்த ஹார்மனி கிட்டார்ல அவங்க தானாவே வாசிக்கப் பழகினாங்க. வாஷிங்டன் மாநிலத்துச் சின்ன கிளப்புகள், அப்புறம் அங்கேயே டகோமாவுல கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸ் நடத்தின டிவி நிகழ்ச்சி. அதுக்கப்புறம்தான் ஜீரோ ரெக்கார்ட்ஸை ஆரம்பிச்ச நார்ம் பர்லி பணம் போட்டார். 1960 பிப்ரவரியில ஹாலிவுட்ல நாலு பாட்டு பதிவாச்சு. ஸ்டீல் கிட்டார் வாசிச்சது யார் தெரியுமா, அந்த வாத்தியத்துல பேர் போன ஸ்பீடி வெஸ்ட்! வரிகளுக்கு நடுவுல அந்தக் கம்பி அழறதை மட்டும் தனியா கவனிச்சுக் கேளுங்க. புதுப் பாடகிக்கு அப்படி ஒரு கை கிடைக்கிறது பெரிய விஷயம்.

பதில் 2:
கார் பயணத்தையும் லேசா எடுத்துக்காதீங்க. சின்னக் கம்பெனிக்குக் கடைகள்ல தட்டைச் சேர்க்க ஆள் பலம் கிடையாது. அதனால ரேடியோதான் ஒரே வழி. டூலிட்டில் தானே எடுத்த போட்டோவோட தட்டைத் தபால்ல அனுப்பினார். ஆனா நிலையத்துல குவியற தட்டுகளோட அதுவும் கிடந்துடும். நேர்ல போய் நின்னா டிஜே அப்பவே ஊசியை வைப்பார், ரெண்டு வார்த்தை பேசவும் விடுவார். அந்த பில்போர்டு வரிசையில அப்போ இருந்ததே 30 இடம்தான், அதுல 14!

பதில் 3:
டெக்கா கதை ஒரு பேரம். நாஷ்வில்ல வில்பர்ன் சகோதரர்கள்ங்கிற கன்ட்ரி பாடகர்கள் லொரெட்டாவைப் பாட வச்சு ஒரு டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, எடுத்தாங்க. டெக்கா தயாரிப்பாளர் ஓவன் பிராட்லிக்குப் பாட்டு பிடிச்சுது, ஆனா இன்னொரு பாடகி பிரெண்டா லீக்காகக் கேட்டார். பாட்டு வேணும்னா பாடினவங்களையும் எடுத்துக்கணும்னு டெடி வில்பர்ன் பிடிவாதமா நின்னார். அந்தப் பாட்டு 1961-ல பிரெண்டா லீ குரல்ல 'ஃபூல் நம்பர் ஒன்' ஆச்சு. லொரெட்டாவுக்கு 1962-ல 'சக்சஸ்' 6-வது இடம், அதே வருஷம் நாஷ்வில்லோட புகழ்பெற்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரியில உறுப்பினர்.

அதுக்குக் கொடுத்த விலையும் உண்டு. அவங்க எழுதின பாட்டுகளோட பதிப்புரிமை வில்பர்ன்களோட ஷ்யூர்-ஃபயர் பதிப்பகத்துக்குப் போச்சு. பின்னால வில்பர்ன்களை விட்டுப் பிரிஞ்சப்போ வழக்கு வருஷக்கணக்கா இழுத்துது. சொந்தமா எழுதறதையே அவங்க வெகுவா குறைச்சுக்கிட்டாங்க.